பாட்டுக்குப் பொறந்த சர்டிபிகேட்

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தப் போனைச் செத்த நேரம் கீழ வையி. வெள்ளன எந்திரிச்சதுல இருந்து அதே பாட்டு. பல்லு வெளக்கும்போதும் அது, இஸ்திரி போடும்போதும் அது. பெல்லா சாவாம். போட்டிருக்கச் சட்டையும் லேசுப்பட்டது இல்ல, ரத்தச் செவப்பு. முதுகுல ஒரு மீசைக்காரன் முகமூடி. மீசைக்காரன் யாருலேன்னு கேட்டா முழிக்கே. சால்வதோர் தாலிலே அது, ஸ்பெயின் தேசத்து ஓவியன். அவனுக்கும் நீ பாடுத பாட்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கெடையாது. நெட்ஃபிளிக்ஸ்ல வந்த ஸ்பெயின் கொள்ளை நாடகத்துக்காரன் ரெண்டையும் சேத்துக் கட்டிவிட்டான், நீ அறுநூறு ரூவாயை எடுத்து நீட்டிட்டே. புரட்சி இப்பக் கூரியர்லயே வருது. அளவு சரியில்லன்னா பத்து நாளைக்குள்ள திருப்பியும் அனுப்பலாமாம்லா?

சட்டை கெடக்கட்டும். நேத்து சாயங்காலம் திண்ணையில நீயும் உன் கூட்டாளிகளும் போட்ட சத்தத்தைத்தான் சொல்ல வந்தேன். ஒருத்தன் சொல்லுதான், அது மலையில ஒளிஞ்சு நின்னு பாசிஸ்டுகளைச் சுட்ட போராளிகள் பாட்டுன்னு. இன்னொருத்தன், கெடையவே கெடையாது, வயக்காட்டுல களை எடுத்த பொம்பளையாளுக பாட்டுங்கான். மூணாமவன் ரொம்பப் படிச்சவன், கண்ணாடிக்காரன். அது யூதர் பாட்டு, 1919-லயே நியூயார்க்ல ரெக்கார்டு ஆயிட்டுதுங்கான். நீ மட்டும் ‘நெட்ஃபிளிக்ஸ் பாட்டு’ன்னே. நாலு பேர்ல நீ ஒருத்தன்தான் யாரையும் ஏமாத்தல. தெரிஞ்சதைச் சொன்னே.

ஒரு பாட்டுக்கு அப்பன் பேரு கேட்டு நாலு எளவட்டம் மல்லுக்கட்டுததை இப்பத்தான் பாக்கேன். அங்க இத்தாலியில இருக்க பெரிய படிப்பாளிகளே அறுபது வருசமா இதே சண்டையைப் போட்டுக்கிட்டுத்தான் கெடக்காவ. நீங்கள்லாம் எந்த மூலை? இரு, மொதல்ல இருந்து சொல்லுதேன். குறுக்க போனை எடுத்தேன்னா எந்திரிச்சுப் போயிருவேன்.

1943 செப்டம்பர் 8. இத்தாலி அரசாங்கம் நேச நாடுகள்கிட்ட சரணடைஞ்சிட்டதா அறிவிச்சுது. அறிவிச்ச கையோட ராசாவும் பிரதம மந்திரியும் விடியுததுக்கு முன்னாலயே ரோமாபுரியை விட்டு ஓடிட்டாவ. பட்டாளத்துக்கு யார் உத்தரவு கொடுப்பா? ஒருத்தரும் இல்ல. ஜெர்மன்காரன் வடக்கையும் நடுப்பகுதியையும் பிடிச்சுக்கிட்டான். முசோலினிக்கு சலோங்கிற ஏரிக்கரை ஊரை வச்சு ஒரு பொம்மை அரசாங்கமும் அமைச்சுக் கொடுத்தான். ராசா ஓடுன தேசத்துல குடியானவன் என்ன செய்வான்? வாத்தியாரு, தச்சன், காலேஜுப் பய, கோயிலுக்குப் போறவன், போகாதவன், பட்டாளத்துல இருந்து தப்பி வந்தவன்னு எல்லாம் மலையேறுனாவ. இவியளைத்தான் பார்ட்டிசான்னு சொல்லுதது. இருபது மாசம் குளிருலயும் பசியிலயும் சண்டை. 1945 ஏப்ரல் 25 இன்னைக்கும் அங்க விடுதலை நாள், அரசு விடுமுறை. இப்ப வருசா வருசம் அன்னைக்குச் சதுக்கத்துக்குச் சதுக்கம் இந்தப் பாட்டுதான்.

பாட்டுல கதை ரொம்பச் சின்னது. ஒருத்தன் காலையில எந்திரிக்கான், ஊருக்குள்ள அந்நியப் படை நிக்குது. என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு போராளிக கூடக் கெளம்புதான். செத்துப் போனா மலைமேல ஒரு பூ நெழல்ல பொதச்சிருங்கங்கான். போற வாற சனம் அந்தப் பூவைப் பாத்துப் பேசும். அம்புட்டுத்தான். இந்தச் சின்னப் பாட்டுக்கு எத்தனை வக்கீலு, எத்தனை வாய்தா!

இப்ப வயக்காட்டுக்கு வா. இத்தாலின்னா கோதுமைன்னு நெனைச்சிட்டு இருக்கியா? போ நதிச் சமவெளியில வெர்செல்லி, நொவாரா, பவியான்னு மைல் கணக்குல நெல்லு. 1866-ல வெட்டி முடிச்ச காவூர் கால்வாய்த் தண்ணி பாயுத பூமி. மே கடைசியில இருந்து ஜூலை தொடக்கம் வரைக்கும் ஒரு நாப்பது நாளு களை எடுப்பு. அதுக்கு எமிலியா, வெனெத்தோ பக்கத்துல இருந்து ஏழைப் பொம்பளையாளுக ரயில் ரயிலா வந்து எறங்குவாவ. மொந்தினேன்னு அவியளுக்குப் பேரு. முழங்கால் தண்ணியில வெறுங்காலோட நிக்கணும். குனிஞ்ச முதுகு நிமிராமக் களை பறிக்கணும். தலையில அகலத் தொப்பி, மொகத்துக்குக் கொசுவுக்காக ஒரு துணி, காலுல பாதம் இல்லாத காலுறை. அட்டை கடிக்கும், மலேரியாக் கொசு கடிக்கும். ராத்திரிக்குப் பண்ணைக் கொட்டகையில வைக்கோல் மெத்தை. கூலியோட சேத்து நாள் ஒண்ணுக்கு ஒரு கிலோ அரிசி. அதை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டு போறதுக்குத்தான் அம்புட்டுப் பாடும். எட்டு மணி நேர வேலை வேணும்னு வெர்செல்லி பக்கம் இவிய நடத்துன போராட்டம் 1906-ல செயிச்சுது. எந்தக் காலம் பாரு. மில்லுக்காரன், ரயில்காரன் பலருக்கே அது கெடைக்காத காலம்.

1949-ல இவியளை வச்சு ‘கசந்த அரிசி’ன்னு ஒரு படமே வந்துது. ஜுசெப்பே தெ சாந்திஸ் எடுத்தது. அந்தப் படத்துல ஒரு நுணுக்கம் உண்டு. வேலை நேரத்துல பேசக்கூடாது, பாடலாம். அதனால சொல்ல வேண்டியதைப் பாட்டாவே பாடிச் சொல்லிக்கிடுவாவ. முதலாளிமாருக்கு வாயை மூடத் தெரியும், தொண்டையை மூடத் தெரியாது.

அந்தப் பொம்பளையாளுக பாடுனதா ஒரு பெல்லா சாவ் இருக்கு. அதே மெட்டு. காலையில எந்திரிச்சு வயலுக்குப் போகணும், பூச்சியும் கொசுவும் கடிக்குது, கம்பை ஊணிக்கிட்டு முதலாளி நிக்கான், ஒருநாள் நாங்களும் சுதந்திரமா வேலை பாப்போம்னு போகும். கேட்டா யாருக்கும் என்ன தோணும்? ஆதியில வயக்காட்டுல பொறந்த பாட்டு, பொறவு மலையேறித் துப்பாக்கி பிடிச்சிருக்குன்னுதானே? படிச்சவியளுக்கும் அப்படித்தான் தோணுச்சு. அங்கதான் வழுக்கி விழுந்தாவ.

ஜோவன்னா தஃபினின்னு ஒரு அம்மா. 1914-ல மான்தோவா பக்கம் பொறந்தவ. சின்ன வயசுல நெல்லு வயலுக்குக் களை எடுக்கப் போனவ. புருசன் வித்தோரியோ கார்ப்பி வயலின் வாசிப்பாரு. ரெண்டு பேரும் கல்யாண வீடு, சந்தைன்னு பாடிப் பொழைச்சாவ. ரெஜ்ஜோ எமிலியா சீமையில குவால்தியேரிங்கிற ஊர்ல குடித்தனம். 1962-ல ஜான்னி போசியோவும் ரொபெர்தோ லெய்தியும் டேப் மெசினைத் தூக்கிட்டு அங்க வந்தாவ. நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளருக. அந்தம்மா இந்த வயக்காட்டுப் பாட்டைப் பாடிக் காட்டுனா. சேகரிக்க வந்தவியளுக்குத் தரையில கால் பாவல. போராளிகள் பாட்டுக்குத் தாயைக் கண்டுபிடிச்சிட்டோம்! உழைக்குத வர்க்கத்துக் கூலிக்காரி பாட்டுதான் விடுதலைப் பாட்டாச்சு! எடதுசாரிப் படிப்பாளி கனவுல எழுதி வச்சிருந்த வம்சாவளி அப்படியே கைக்கு வந்திருச்சு. இம்புட்டுச் சரியா ஒரு விசயம் வந்து மாட்டுனா, புத்தி உள்ளவன் ஒரு தடவை கிள்ளிப் பாக்க வேண்டாமா? பாக்கல.

1964 ஜூன் மாசம். ஸ்போலெத்தோவுல வருசா வருசம் ஒரு பெரிய கலை விழா. ஜான் கார்லோ மெனோத்தின்னு ஒரு இசையமைப்பாளர் 1958-ல தொடங்குனது. பட்டுச்சட்டையும் முத்துமாலையுமா சீமான் சீமாட்டிகள் வந்து உக்காருத எடம். அங்க லெய்தியும் அவரு கூட்டாளிகளும் ‘பெல்லா சாவ்’னே பேரு வச்சு நாட்டுப்பாட்டுக் கச்சேரி போட்டாவ. வயக்காட்டுப் பாட்டும் போராளிகள் பாட்டும் கூடவே நின்னுது, தாயும் பிள்ளையுமா. தஃபினியம்மா மேடையில நின்னு வயக்காட்டுத் தொண்டையில பாடுனா. முன்வரிசையில இருந்த ஒரு சீமாட்டி, எங்க வீட்டு வேலைக்காரி பாடுததைக் கேக்கவா நான் டிக்கெட் வாங்குனேன்னு கோவிச்சுக்கிட்டதா இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாவ. சொன்னாளோ இல்லையோ, சொல்லக்கூடிய ஆளுகதான் அங்க உக்காந்திருந்தாவ.

அத்தோட போச்சா? மொத உலகப் போர்ல கொரிட்சியா ஊரைப் பிடிக்கப் போயிப் பல்லாயிரம் சிப்பாய் செத்த பாட்டு ஒண்ணு உண்டு. அதுல அதிகாரிகளைத் திட்டுத ஒரு பத்தியை மிகேலே ஸ்ட்ரானியேரோ பாடிட்டாரு. சபையில பட்டாளத்து அதிகாரி இருந்திருக்காரு. கேக்கணுமா? கூச்சல், கொழப்பம், பேப்பர்ல தலைப்புச் செய்தி. ராணுவத்தை அவமதிச்சதா வழக்கு வரைக்கும் போச்சு. ரெக்கார்டு கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கெடைக்குமா? பாட்டைக் கேக்க வந்தவனைவிடச் சண்டையைப் பாக்க வந்தவன்தான் பாட்டைப் பரப்புனான். இன்னைக்கு உன் போன்ல நடக்குததும் அதுதான், பேரு மட்டும் வேற.

இனிமேத்தான் வேடிக்கை. 1965-ல கம்யூனிஸ்ட் கட்சிப் பேப்பர் லூனித்தாவுக்கு ஒரு கடுதாசி வந்துது. எழுதுனவரு வாஸ்கோ ஸ்கன்சானி. ஊரு எது தெரியுமா? அதே குவால்தியேரி. தஃபினியம்மா குடியிருக்க ஊரேதான். என்ன எழுதியிருந்தாரு? ஐயா, அந்த வயக்காட்டு வரிகளை எழுதுனது நான்தான். 1951-ல களையெடுப்புப் பொம்பளையாளுக பாட்டுக் குழுக்களுக்குப் போட்டி வச்சாவ, அதுக்காக எழுதுனேன்னாரு. எந்த வருசம்னாரு? 1951. சண்டை முடிஞ்சு ஆறு வருசம் கழிச்சு.

எப்படி இருக்கு? எந்தப் பாட்டைத் தாயின்னு மாலை போட்டுக் கும்பிட்டாவளோ, அது மகளா நிக்குது. மலையில பாடுன மெட்டுதான் பொறவு வயக்காட்டுக்கு எறங்கியிருக்கு. செசாரே பெர்மானிங்கிற வரலாற்றுக்காரரு இந்தச் சிக்கலைப் பல வருசம் உக்காந்து பிரிச்சாரு. வயக்காட்டு வடிவம் பிந்தியதுன்னுதான் இன்னைக்கு விவரமானவியெல்லாம் ஒத்துக்கிடுதாவ. ஆனா யாராவது பழைய கதையை விட்டாவளா? இன்னைக்கும் எந்தப் பேப்பரைத் திறந்தாலும் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு விவசாயப் பெண்களின் சோகப் பாடல்’னு எழுதுதான். கேக்க நல்லா இருக்குலா, அதான். பொய்க்கு அழகு இருந்தா ஆயுசு கெட்டி.

தஃபினியம்மாவைப் பொய்க்காரின்னு சொல்லிராத. சொன்னேன்னா பல்லை ஒடச்சுப்போடுவேன். அந்தம்மா வயல்ல நின்னது நெசம். முதுகு ஒடஞ்சது நெசம். அதே ஊர்க்காரரு எழுதுன பாட்டு, தன் பாட்டை விட நல்லா இருந்துது, பாடுனா. பாடுதவகிட்ட ரசீதா கேப்பே? ரசீது கேக்க வேண்டியது டேப் மெசின் கொண்டு வந்தவன்.

சரி, தாயி கதை போச்சு. ஒடனே எதிர்ப்பக்கம் ஒருத்தன் கெளம்புவான்லா? ஜோர்ஜோ போக்கான்னு பெரிய பத்திரிகைக்காரரு, தானே மலையில துப்பாக்கி தூக்குன ஆளு. இருபது மாச யுத்தத்துல ஒருத்தன் இதைப் பாடி நான் கேட்டதே இல்ல, இது ஸ்போலெத்தோ விழாக்காரன் கண்டுபிடிச்சதுன்னு போட்டு ஒடச்சாரு. அவரைப் பிடிச்சுக்கிட்டு இப்ப ஒரு கூட்டம், எல்லாமே டூப்பு, எல்லாமே எடதுசாரி கட்டிவிட்ட கதைன்னு ஆடுது. 1955-ல பசோலினி தொகுத்த நாட்டுப்பாட்டுப் புத்தகத்துல இது இல்லயேன்னு வேற கேக்குதாவ. இல்லதான்.

போக்கா பொய் சொல்லல. அவரு இருந்தது வடமேற்கு மூலையில, பியெமோந்தே மலையில. அங்க பாடல. அதனால எங்கயும் பாடலன்னு ஆயிருமா? அவரு காது அவரு மலை வரைக்கும்தானே கேக்கும்? நடு இத்தாலியில அப்ரூட்ஸோ சீமையில மயெல்லாப் படைன்னு ஒண்ணு. எத்தோரே த்ரோயிலோன்னு ஒரு வக்கீல் 1943 டிசம்பர்ல சேத்த படை. நேச நாட்டுப் பட்டாளத்தோட தோளுக்குத் தோள் நின்னு வடக்க பொலோனியா வரைக்கும் சண்டை போட்டுப் போனாவ. அவிய 1944-ல இதைப் பாடுனாவன்னு பெர்மானி எடுத்து வச்சிருக்காரு. எமிலியா மலைப்பக்கமும் சில படைகள் பாடியிருக்கு. ஆக, கொஞ்சம் பேரு பாடுனாவ. எல்லாரும் பாடல. இந்த ரெண்டு வரியைச் சொல்லி முடிக்க வேண்டிய சோலிக்கு ரெண்டு கட்சி, நாலு புத்தகம், நாப்பது பட்டிமன்றம்!

அப்ப மலையில எல்லாரும் என்னத்தைப் பாடுனாவ? அதைக் கேளு. அதுதான் கேக்க வேண்டிய கேள்வி, ஒரு பயலும் கேக்க மாட்டேங்கான். காத்து அடிக்கு, புயல் அடிக்குன்னு தொடங்குத ஒரு பாட்டு உண்டு, ‘ஃபிஸ்கியா இல் வெந்தோ’ன்னு பேரு. எழுதுனவரு ஃபெலீச்சே கஷோனே, வயசு இருபத்தஞ்சு, இம்பெரியா ஊரு டாக்டரு. மலையில போராளிகளுக்குத் தலைவரா நின்னவரு. 1944 ஜனவரியில சுட்டுக் கொன்னுட்டாவ. மெட்டு எங்க இருந்து வந்துது? ரஷ்யாவுல 1938-ல மத்வெய் பிளான்டர் போட்ட கத்யூஷா. நீயும் கேட்டிருப்பே, யூடியூப்ல பொம்பளைப் பிள்ளையள் தொப்பி போட்டு ஆடுமே, அது. ரஷ்யா போர்முனைக்குப் போயி வந்தவன் கொண்டு வந்த மெட்டுக்கு டாக்டரு இத்தாலிய வரி எழுதுனாரு. மலைக்கு மலை அதுதான் பரவுச்சு.

பொறவு ஏன் அது பின்னால போயி இது முன்னால வந்துது? இங்கதான் சூட்சுமம். சண்டை முடிஞ்சுது, ஜெயிச்சவன் வீட்டுக்குள்ளயே பங்காளிச் சண்டை வந்துது. 1947-ல கிறித்தவ ஜனநாயகக் கட்சி கம்யூனிஸ்டுகளை மந்திரிசபையை விட்டு வெளிய தள்ளிட்டுது. அமெரிக்கா ஒரு பக்கம், ரஷ்யா ஒரு பக்கம். இந்த நேரத்துல ரஷ்ய மெட்டுல செவப்பு வசந்தம்னு பாடுனா, கோயிலுக்குப் போற பார்ட்டிசான் கூட நிப்பானா? நிக்க மாட்டான். பெல்லா சாவைப் பாரு. கட்சி இல்ல, கொடி இல்ல, சாமியும் இல்ல. ஒரு அந்நியன், ஒரு சாவு, ஒரு பூ. யாரு வாயிலயும் மாட்டிக்கிடாது. கம்யூனிஸ்ட் பாடலாம், பாதிரியாரும் பாடலாம், ரெண்டுங்கெட்டானும் பாடலாம். எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு பொறுக்கி எடுத்த பிள்ளை இது.

அந்தப் பொதுப் பிள்ளைக்கு இன்னைக்கு என்ன கதி? 2020-ல, ஏப்ரல் 25 அன்னைக்கு அரசு விழாவுல தேசிய கீதத்துக்குப் பொறவு இதைப் பாடணும்னு சில எம்.பி.மாரு மசோதா கொண்டு வந்தாவ. கூடாது, அது எடதுசாரிப் பாட்டுன்னு வலதுசாரி குதிச்சான். 2022-ல லாவுரா பவுசினின்னு ஒரு பெரிய பாடகி ஸ்பெயின் டிவியில இதைப் பாட மாட்டேன், ரொம்ப அரசியல் பாட்டுன்னுட்டா. அதுக்கு ஒரு வாரம் ஏச்சு. யாருக்கும் நோகாதேன்னு தேடி எடுத்த பாட்டுக்கே இந்தப் பாடு! டாக்டரு பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தா மட்டும் சும்மா இருந்திருப்பானா? சண்டைக்காரனுக்குப் பாட்டா முக்கியம்?

மெட்டு எங்க இருந்து வந்துதுன்னு நோண்டப் போனா அது இன்னும் ஆழம். கொஸ்தான்தினோ நீக்ரான்னு பெரிய ராசதந்திரி, பிரெஞ்சு தேசத்துலயெல்லாம் தூதுவரா இருந்தவரு. ஆளு பகல்ல தூது பேசுவாரு, மத்த நேரம் நாட்டுப்பாட்டு சேப்பாரு. 1888-ல பியெமோந்தே பாட்டெல்லாம் புத்தகமாப் போட்டாரு. அதுல ‘கல்லறைப் பூ’ன்னு ஒரு கதைப்பாட்டு. காதலுக்காகச் செத்த ஒரு பிள்ளை, அவ கல்லறைமேல பூத்த பூ, போற வாறவன் அதைப் பாத்துப் பேசுத பேச்சு. இப்ப நம்ம போராளி சொன்ன பூவை நெனைச்சுப் பாரு. ஆளுதான் மாறியிருக்கு. காதலுக்குச் செத்தவளை எடுத்துட்டு விடுதலைக்குச் செத்தவனை வச்சிட்டாவ. பூ பழைய பூவேதான். இன்னும் ஒரு வாலு உண்டு. பாட்டிக்கு வயசாயிட்டுதுன்னு சின்னப் பிள்ளையள் கை தட்டி வெளையாடுத பாட்டு ஒண்ணு வடக்க இருக்கு. பெல்லா சாவ் பாடும்போது நடுவுல எல்லாரும் கை தட்டுதாவளே, அதுக்கு வழி அங்க இருந்துதான்னு சொல்லுதாவ. தூக்க மருந்து வருத ஒரு பழைய கதைப்பாட்டையும் லெய்தி எடுத்துக் காட்டியிருக்காரு. போராளி பாட்டுக்குப் பாட்டனும் பாட்டியும் போராளியாவே இருக்கணும்னு யாரு சொன்னா?

அந்தக் கண்ணாடிக்காரன் சொன்னதை விட்டுட்டேனே. மிஷ்கா சிகானோஃப்னு ஒடெஸ்ஸாவுல பொறந்த அக்கார்டியன்காரரு. நியூயார்க்ல இருந்தாரு. 1919-ல கோய்லென்னு ஒரு யிட்டிஷ் மெட்டை ரெக்கார்டு கொடுத்தாரு. கரி மூட்டையைப் பத்தின பாட்டு. 2006-ல ஒரு இத்தாலிய இஞ்சினியர் பாரிசுல வாங்குன குறுந்தகட்டுல அதைக் கேட்டிருக்காரு. தொடக்கம் அப்படியே பெல்லா சாவ். அட, கண்டுபிடிச்சிட்டேன்னு ஒரே அமர்க்களம். நானும் கேட்டேன், பேத்தி போட்டுக் காமிச்சா. மொத அடி ஒத்துப்போகுது. அதுக்கு மேல அது வேற ரோட்டுல போகுது. நாலு சுரம் ஒத்துப் போனா மாமன் மச்சானா? ஒலகத்துல சுரமே ஏழுதானேலே, எத்தனை நாளைக்குத்தான் ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்கும்?

சரி, பரவுன கதையைச் சட்டுன்னு சொல்லிருதேன், அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. 1947-ல பிராகு நகரத்து ஒலக இளைஞர் விழாவுக்குப் போன இத்தாலிப் பயலுவ கை தட்டிப் பாடுனாவ, அங்க இருந்து தேசத்துக்குத் தேசம் போச்சு. பிரெஞ்சுக்காரன் கொண்டாடுத ஈவ் மோந்தான் அறுபதுகள்ல பாடுனாரு. அவரும் பொறப்பால இத்தாலிக்காரருதான். 2017-ல ஸ்பெயின் நாடகத்துக்காரன் எடுத்தான். பணம் அச்சடிக்க எடத்துல கொள்ளைக்குப் போறவன் பாடுதான். சாகத் துணிஞ்சவன் பாட்டை நோட்டு அடிக்கத் துணிஞ்சவன் பாடுனான். ஒடனே டிஸ்கோவுல போட்டு ஆடுதாவ, சொகுசுப் படகுல ஷாம்பெயின் ஒடச்சுக்கிட்டுப் பாடுதாவ. ஆனா அதே வருசங்கள்லயே டெல்லிப் பக்கம் அதே மெட்டுல ‘வாபஸ் ஜாவோ’ன்னு பாடுனாவ. மொதல்ல குடியுரிமைச் சட்டத்துக்கு, பொறவு வேளாண் சட்டங்களுக்கு. 2022-ல உக்ரேன்காரி ஒருத்தி தன் பாஷையில ரஷ்யாவுக்கு எதிரா பாடுனா. ஈரான்ல பொண்ணுங்க பாடுனாவ. இஸ்மீர் ஊர்ல யாரோ பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குள்ள புகுந்து போட்டுவிட்டுட்டான். அந்தப் பாட்டை யாரு எழுதுனான்னு அந்த எடத்துல எவனாவது கேட்டானா?

நதிமூலம் ரிஷிமூலம் பாக்காதேன்னு நம்ம பெரியவுக சொன்னாவ. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாருலே, நல்லாப் பாரு. ஆனா ஒரே ஒரு மூலம் இருக்கும்னு எதிர்பாத்துப் போகாத. எங்க அம்மா தாமிரவருணிப் பாசனத்துல நடவுக்குப் போனவ. அவ பாடுன நடவுப்பாட்டை யாரு கட்டுனா? வரப்புல நிக்க பண்ணையாரு மாறுனா பாட்டுல பேரு மாறும். கூலி கொறைஞ்ச வருசம் ஒரு அடி கூடும். மருமக கோவிச்சுக்கிட்டுப் போனா அவளும் ஒரு அடியில வந்து உக்காந்துக்கிடுவா. அடுத்த ஊரு நடவுக்காரி அதைக் கேட்டுட்டுப் போயி அவ பண்ணையாரைத் திட்டுவா. இத்தாலியிலயும் இதேதான் நடந்திருக்கு. காதல் பாட்டுல ஒருத்தன் போராளியை ஏத்துனான், போராளி பாட்டுல ஸ்கன்சானி களையெடுப்புக்காரியை ஏத்துனாரு, அதை தஃபினியம்மா மேடையில ஏத்துனா. இதுல எவன் அப்பன்?

உனக்குத் தீர்ப்புதானே வேணும்? எழுதிக்கோ. பூ பழைய கதைப்பாட்டுல இருந்து வந்துது. போராளி வரி 1944 வாக்குல நடு இத்தாலி, எமிலியா மலைப்பக்கம் சில படைகளோட வாயில இருந்துது. வயக்காட்டு வரி 1951-ல ஸ்கன்சானி எழுதுனது. ஊரறியச் செஞ்சது 1964 ஸ்போலெத்தோ. யூதர் ரெக்கார்டு நெசம், உறவு நெசம் இல்ல. ‘பத்தொன்பதாம் நூற்றாண்டுக் களையெடுப்புப் பாட்டு’ன்னு எவனாவது சொன்னா, வருசத்தை மட்டும் சொல்லிட்டு நவுந்திரு, வாக்குவாதம் பண்ணிட்டு நிக்காத. அவன் நம்ப மாட்டான்.

இப்ப எந்திரிச்சுப் போயி ரெண்டு காரியம் பண்ணு. மொதல்ல தஃபினியம்மா பாடுனதைத் தேடிக் கேளு. இரைச்சல் இருக்கும், குரல் கரகரக்கும், உனக்குப் பிடிக்காமக்கூடப் போகும், ஆனாலும் கடைசி வரைக்கும் கேளு. பொறவு கஷோனே டாக்டரு பாட்டைக் கேளு. மலையில குளிருல கெடந்தவியள்ல பாதிக்கு மேல அதைத்தான் பாடியிருப்பாவ. கேட்டுட்டு எது ஒசத்தின்னு வந்து சொல்லு. என் ஓட்டு டாக்டருக்கு.